சேலம்–ஜகார்த்தா கட்டணம் ஏன் எகிறுகிறது?
டிக்கெட் தளத்தில், புறப்படும் இடத்தில் சேலத்தை எடுத்துவிட்டுத் திருச்சியைப் போடுங்கள். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து உள்நாட்டு விமானங்கள் மட்டுமே. அதனால்தான் ஜகார்த்தா கேட்ட உங்களைத் தளம் முதலில் பெங்களூரு, சென்னை என்று சுற்றவிட்டு, அந்தக் கட்டணத்தையும் தலையில் கட்டுகிறது. திருச்சிக்கு நாமக்கல் வழியாகப் பஸ்ஸே போதும். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது.

அதே தேதிக்குத் திருச்சி–ஜகார்த்தா ஒரே டிக்கெட்டாக ஒருமுறை, கோலாலம்பூரில் உடைத்து இரண்டாக ஒருமுறை பாருங்கள். வித்தியாசம் சொற்பமென்றால் ஒரே டிக்கெட்தான் என் கட்சி.

தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால் பணம் போனதுதான். கோலாலம்பூரில் குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். ஐந்து மணி நேரமாவது விடுங்கள். ஏர் ஏசியாவில் கைப்பெட்டியும் தோள்பையும் சேர்த்தே 7 கிலோ. மல்கோவா ஆசையை ஊரிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.