தோழி தானாகப் பேசுவதையே நிறுத்திவிட்டாள், நான் எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாள், நானும் விலகிவிடலாமா?

விலகாதீர்கள். மூன்று வாரமாகப் பதிலே வராவிட்டாலும், அவ்வப்போது "பதில் போட வேண்டாம், உன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்" என்று ஒரு வரி அனுப்புங்கள்.

எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாள் என்கிறீர்கள். பதின்ம வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக இல்லாமல் எரிச்சலாக வெளியே வரும். உங்கள் மேல் கோபம் என்பதைவிட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். தூக்கம், சாப்பாடு, பிடித்த விஷயங்களில் ஆர்வம் எல்லாம் மாறி 2 வாரத்துக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் மனநல ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.

அப்புறம், தனியாக இருக்கும்போது நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அறிவுரை வேண்டாம். குறுக்கிடாமல் கேட்டாலே போதும்.

ஆனால் ஆமாம் என்றால், "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவள் வாங்கிய சத்தியத்தைக் காப்பாற்றாதீர்கள். உடனே நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் வரும்வரை அவளைத் தனியாக விடாதீர்கள். கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை. உங்கள் தூக்கமும் கெடுகிறது என்றால் அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள்.