35 வயதைத் தாண்டிய டென்னிஸ் சாம்பியன் சரிவிலிருந்து மீள முடியுமா?

முடியும். ஆனால் பழைய ஆட்டத்தையே அப்படியே ஆடி மீள்வது ரொம்பக் கடினம்.

ஃபெடரரைப் பாருங்கள். 2012 விம்பிள்டனுக்குப் பிறகு நாலரை ஆண்டு அவருக்குக் கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டமே இல்லை. 2016-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை. விம்பிள்டனோடு அந்த சீசனை முடித்துக்கொண்டார். 2017 ஆஸ்திரேலிய ஓபனுக்கு தரவரிசையில் 17-ஆம் இடத்தில் வந்து, 35 வயதில் நடாலை ஐந்து செட்டில் வென்றார். அந்த ஓய்வு உதவியது உண்மைதான். அதைவிடப் பெரிது, அவர் மாற்றிக்கொண்டது. தலைப்பரப்பு 90 சதுர அங்குலமாக இருந்த மட்டையை விட்டு 97-க்கு ஏற்கெனவே மாறியிருந்தார். நடாலின் எகிறும் பந்துக்குப் பின்வாங்காமல், கோட்டருகிலேயே நின்று, பந்து எழும்போதே பேக்ஹேண்டில் அடித்தார்.

வயது முதலில் பறிப்பது அடியின் வலுவை அல்ல, பந்தை நோக்கி எடுத்துவைக்கும் முதல் எட்டின் வேகத்தை. அப்புறம், அடுத்த ஆட்டத்துக்குள் உடம்பு தேறுவதை. புதுச்சேரியில் நான் ஆடும் கோர்ட்டில் அறுபதை நெருங்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கடலோரப் புழுக்கத்தில் காலை ஏழு மணிக்கே எங்கள் பனியனைப் பிழியலாம். அவர் மூன்று நான்கு அடியிலேயே பாயின்டை முடித்துவிடுவார். அவரிடம் தோற்றுத்தான் எனக்கு இது புரிந்தது.

சரி, எல்லோருக்கும் இப்படி வாய்க்குமா? இல்லை. பிரிட்டனின் ஆண்டி மர்ரே 2019-இல் இடுப்பில் உலோகம் பொருத்திக்கொண்டு, அதே ஆண்டிலேயே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் போட்டியில் பட்டம் வென்றார். அவர் கண்கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. ஆனால் அதன்பின் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் மூன்றாம் சுற்றை அவர் தாண்டவேயில்லை.