கஞ்சா எண்ணெய் இருக்கும்போது எச்.ஐ.வி. மாத்திரை எதற்கு என்கிறான் தம்பி

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. ஐந்து வருடமாக எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறான். கடைசி மூன்று பரிசோதனைகளிலும் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் பாதங்களில் எரிச்சல் இருக்கிறது, ராத்திரி தூங்க முடியவில்லை. நண்பர் சொன்னார் என்று சில மாதங்களாகக் கஞ்சா புகைக்கிறான், எண்ணெயும் வாங்கி வைத்திருக்கிறான். இப்போது, “கஞ்சாவில் இருக்கும் பொருட்கள் எச்.ஐ.வி.யையே அடக்கும் என்று ஆராய்ச்சியில் வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?” என்கிறான். இது உண்மையா? அவனிடம் நான் என்ன சொல்வது?

பதில்: முதலில் ஒன்று செய்யுங்கள். கடைசியாக மாத்திரை போட்டது என்றைக்கு என்று தம்பியிடம் கேளுங்கள். இன்னும் நிறுத்தவில்லை என்றால் நல்லது, ஒரு நாள்கூட விடாமல் தொடரட்டும். நிறுத்தியிருந்தால் இன்றே அவருடைய ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், திட்டுவார்களே என்று தயங்க வேண்டாம்.

சரி, ஆராய்ச்சி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தம்பி சொல்வது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. அதனால்தான் இது கொஞ்சம் ஆபத்தானது. பாதி உண்மையை நம்பி மாத்திரையை விட்டுவிடுவது எளிது.

நம் உடலில் கஞ்சாவின் பொருட்கள் போய் ஒட்டிக்கொள்ள இரண்டு முக்கியமான ஏற்பிகள் இருக்கின்றன. சி.பி.1 பெரும்பாலும் மூளையில் இருக்கிறது, போதை தருவது இதன் வழியாகத்தான். சி.பி.2 பெரும்பாலும் நோய் எதிர்ப்பு அணுக்களில் இருக்கிறது. எச்.ஐ.வி. தாக்குவதும் அதே நோய் எதிர்ப்பு அணுக்களைத்தான், குறிப்பாக சி.டி.4 அணுக்களை. அப்படியானால் சி.பி.2-ஐத் தூண்டினால் வைரஸுக்கு என்ன ஆகும்? நியாயமான கேள்விதான். 2012-ல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆய்வகத்தில் வளர்த்த சி.டி.4 அணுக்களில் சி.பி.2-ஐத் தூண்டியபோது ஒருவகை எச்.ஐ.வி.யின் தொற்று குறைந்தது. குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

அந்த ‘ஒருவகை’ என்பதைக் கவனியுங்கள். எச்.ஐ.வி. அணுவுக்குள் நுழைய, அந்த அணுக்களின் மேல் இருக்கும் சி.டி.4 என்ற பிடி மட்டும் போதாது, இரண்டாவதாக ஒரு பிடியும் வேண்டும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் வைரஸ்களில் பெரும்பாலானவை சி.சி.ஆர்.5 என்ற பிடியைப் பயன்படுத்துபவை. ஆய்வில் குறைந்ததோ சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற வேறொரு பிடியைப் பயன்படுத்தும் வைரஸ். அது பொதுவாக நோய் முற்றிய காலத்தில்தான் தலைகாட்டும். உங்கள் தம்பியின் நண்பருக்கு இந்த விவரமெல்லாம் எட்டியிருக்காது.

அப்புறம் குரங்குகள். அமெரிக்காவின் லூசியானாவில் ஆண் குரங்குகளுக்குத் தினமும் கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. கொடுத்து, பிறகு எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி.யை ஏற்றினார்கள். டி.எச்.சி. பெற்ற குரங்குகளின் ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தது, அவை அதிக நாள் உயிரோடும் இருந்தன. 2011-ல் வெளியான முடிவு இது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னர் பெண் குரங்குகளில் செய்தபோது அந்தப் பாதுகாப்பு தெரியவில்லை. அதற்கு முன்பே, 2005-ல், மனித நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏற்றப்பட்ட எலிகளில் டி.எச்.சி. நேர்மாறாக வேலை செய்தது. வைரஸின் அளவு ஏறக்குறைய 50 மடங்கு கூடியது. ஒரே பொருள் ஓரிடத்தில் வைரஸைக் குறைக்கிறது, இன்னோரிடத்தில் கூட்டுகிறது. இதை நம்பி ஒரு மனிதரின் மாத்திரையை நிறுத்த என்னால் சொல்ல முடியாது.

மனிதர்களிடம் என்ன பார்த்தார்கள் என்றால், 2003-ல் சான் பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்ராம்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டிருந்தவர்களை மூன்று பிரிவாக்கி 21 நாள் கவனித்தார்கள். ஒரு பிரிவு கஞ்சா புகைத்தது, ஒரு பிரிவுக்கு டி.எச்.சி. மாத்திரை, மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. கஞ்சாவால் வைரஸ் அளவு கூடவில்லை, சி.டி.4 அணுக்களும் குறையவில்லை. இந்த முடிவைத்தான் பலர் ‘கஞ்சா எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும்’ என்று திரித்துச் சொல்கிறார்கள். குறுகிய காலத்துக்குக் கெடுதல் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள். அவர்களுடைய வைரஸை அடக்கி வைத்திருந்தது ஏ.ஆர்.டி.

அந்த மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ‘கண்டறிய முடியவில்லை’ என்றால் வைரஸ் உடலை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது சில அணுக்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ரத்தத்தில் மறுபடி தலைதூக்கிவிடும். ‘ஸ்மார்ட்’ என்ற பெரிய ஆய்வில் 5,472 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் சி.டி.4 எண்ணிக்கையைப் பார்த்து மாத்திரையை இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டார்கள். அவர்களுக்குக் கடுமையான நோயோ மரணமோ நேரும் அபாயம், தொடர்ந்து சாப்பிட்டவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தது. அதனால் 2006-ல் அந்த விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையையே நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. மாத்திரையை விட்டால் அந்த நிம்மதியும் போய்விடும்.

இனி எரிச்சல். இதைத்தான் நான் மிகவும் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தம்பியின் துன்பம் இங்கேதான் இருக்கிறது. புகைத்தால் எரிச்சல் குறைகிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். அதே ஆப்ராம்ஸ் குழு 2007-ல் எச்.ஐ.வி. தொடர்பான நரம்பு வலி உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், ஐந்து நாள் கஞ்சா புகைத்தவர்களுக்கு அன்றாட வலி 34 சதவீதம் குறைந்தது. போலிக் கஞ்சா புகைத்தவர்களுக்கு 17 சதவீதம். ஆக, வலிக்குப் பலன் இருக்கிறது. ஆனால் அது ஐந்து நாள் கணக்கு, வருடக்கணக்கில் புகைப்பவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பசிக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு உண்டு. எய்ட்ஸ் நோயாளிகள் பசியில்லாமல் எடை குறைந்து வாடிய காலத்தில், 1992-ல், ட்ரோனபினால் என்ற செயற்கை டி.எச்.சி. மாத்திரைக்கு அமெரிக்காவில் அதற்காக அனுமதி கொடுத்தார்கள். அதுவும் பசிக்கான மருந்தே, வைரஸுக்கானது இல்லை.

பாத எரிச்சலுக்குக் காரணம் எச்.ஐ.வி. மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சர்க்கரை, வைட்டமின் பி12 குறைவு, மது, காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் இவையும் இதே எரிச்சலைத் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே சில காரணங்கள் தெரிந்துவிடும், சில சரிசெய்யக்கூடியவை. நரம்பு வலிக்கென்றே கபாபென்டின், டுலோக்செடின் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. ‘எரிகிறது’ என்ற ஒரு வார்த்தையை அவர் தன் மருத்துவரிடம் சொல்லியே இருக்க மாட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. வைரஸ் கட்டுக்குள் இருந்தால் மற்ற தொல்லைகளைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் நிறையப் பேர்.

கஞ்சாவை அவர் மருத்துவரிடம் மறைக்காததும் அவசியம். கல்லீரல் நொதிகள் ஏ.ஆர்.டி. மருந்துகளில் பலவற்றையும், கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி., சி.பி.டி. என்ற இரண்டு பொருட்களையும் சிதைக்கின்றன. ரிடோனவிர், கோபிசிஸ்டாட் உள்ள மருந்துகள் அந்த நொதிகளைத் தடுப்பவை. அதிக அளவு சி.பி.டி.யும் சில நொதிகளைத் தடுக்கும். இப்படி ஒன்று இன்னொன்றின் அளவை உடலில் மாற்றிவிடலாம். எஃபாவிரென்ஸ் என்ற ஏ.ஆர்.டி. மருந்து சாப்பிடுபவராக இருந்தால் தலைசுற்றலும் குழப்பமும் கூடலாம். கஞ்சாவே தொடாதவருக்குக்கூட எஃபாவிரென்ஸால் சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா இருப்பதாகத் தவறாகக் காட்டுவதுண்டு. புகை நுரையீரலுக்குக் கெடுதல். சி.டி.4 குறைவாக இருப்பவர்களுக்குக் கஞ்சா இலையில் இருக்கும் பூஞ்சையே நுரையீரலில் கடும் தொற்றை உண்டாக்கலாம். கடையில் கிடைக்கும் எண்ணெயில் லேபிளில் போட்டிருக்கும் அளவும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. குடும்பத்தில் மனநோய் இருந்தால் கஞ்சா பக்கமே போகக் கூடாது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவரிடம் பேசும்போது கஞ்சாவில் ஆரம்பிக்காதீர்கள். சண்டையாகிவிடும். “உனக்கு எரிச்சல் எவ்வளவு நாளா இருக்கு, டாக்டர்கிட்ட சொன்னியா?” என்று ஆரம்பியுங்கள். அடுத்த தடவை அவர் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அவர் சம்மதித்தால், நீங்களும் கூடப் போங்கள். மாத்திரைச் சீட்டையும் அந்த எண்ணெய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். வைரஸ் அளவு, பி12, சர்க்கரை மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்று அங்கேயே கேளுங்கள்.