மூட்டுக் குளிசை கேள்வி பதில்: வெள்ளவத்தைப் பாமசிக்காரர்

முப்பது வருசம் காலி வீதியில் பாமசி நடத்தினவன். மூட்டுக் குளிசை பற்றிக் கேளுங்கோ. நாரி நோவுக்கு டொக்டரிட்டப் போங்கோ.

தெஹிவளை அக்கா: மகன் கனடாவில இருந்து குளுக்கோசமின், கொண்ட்ரொயிற்றின் இரண்டும் கலந்த மூட்டுக் குளிசைப் போத்தல் அனுப்பினவர். தேய்ஞ்ச முழங்கால் வளருமா?

வளராது அக்கா. கொண்ட்ரொயிற்றினை மாட்டின் மூச்சுக்குழாய், பன்றி, கோழி, சுறா இதுகளின்ர கசியிழையத்தில இருந்துதான் எடுக்கிறது. கோழி நெஞ்செலும்பு நுனியைக் கடிக்க நறுக்கெண்டு உடையுமே, அதுதான் கசியிழையம். அதுக்கு இரத்தக் குழாயே இல்லை. குளிசையிலயும் பெரும்பகுதி உடம்பில சேராது. பிறகு எப்படி முழங்காலைத் தேடிப் போய் ஒட்டும்?

இந்தக் குளிசைகளைப் பற்றி 2006 இல் அமெரிக்க ஆய்வொண்டு வந்தது: 1583 பேர், 24 கிழமை. மருந்தே இல்லாத சும்மாக் குளிசை விழுங்கினவையிலேயே 60 வீதம் பேருக்கு நோ குறைஞ்சது. இரண்டும் கலந்து எடுத்தவையில 67 வீதம். அது தற்செயலாயும் வரக்கூடிய வித்தியாசம். நடுத்தரம் முதல் கடும் நோ இருந்த சின்னக் கூட்டத்தில மட்டும் இரண்டும் எடுத்தவையில 79 வீதம், சும்மாக் குளிசை விழுங்கினவையில 54 வீதம். விற்கிறவை அந்தக் கடைசிக் கணக்கை மட்டும்தான் சொல்லுவினம். நானும் சொல்லி வித்திருக்கிறன்.

வந்த போத்தலை எறியாதேங்கோ. மூன்று மாதம் பாருங்கோ. படி ஏற ஒரு மாற்றமும் இல்லையெண்டால் அடுத்ததை அனுப்ப வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இரத்தம் உறையாமலிருக்கக் குடுக்கிற வோபரின் எடுத்தால் மட்டும் தொடவே வேண்டாம். என்ர கடைக்கு வந்த ஒரு ஐயாவுக்குப் பல்லுத் தீட்டேக்க முரசால இரத்தம் நிக்கேல்ல. "அது மருந்தில்லை, சத்துக் குளிசை" எண்டு கிளினிக்கில சொல்லாமல் விட்டிட்டார்.

மாளிகாவத்தை நானா: ஹலாலா?

லேபலில 'போர்சைன்' எண்டால் பன்றி, 'போவைன்' எண்டால் மாடு. மாடெண்டாலும் அறுத்த முறை தெரியாது, குளிசையின்ர மேல் கூட்டு ஜெலற்றினும் எதில செய்ததோ. ஹலால் முத்திரை இல்லாட்டி விடுங்கோ.

பம்பலப்பிட்டி ஐயா: நான் சுத்த சைவம்.

கொண்ட்ரொயிற்றின் உங்களுக்கில்லை. குளுக்கோசமினும் பெரும்பாலும் இறால், நண்டுக் கோதுதான். சோளத்தில இருந்து செய்ததும் இருக்கு, கேட்டு வாங்குங்கோ.

கொட்டாஞ்சேனைத் தம்பி: காசைக் கரியாக்காமல் ஆட்டுக்கால் சூப் குடிச்சால் என்ன?

குடியுங்கோ, ருசியாயிருக்கும். வயித்துக்கு அதுவும் புரதம்தான்.

அதே தம்பி: என்ர அம்மம்மா சூப் குடிச்சே 90 வயசில நடந்தவ!

அம்மம்மா ஓட்டோவில ஏறாமல் நடந்தவ, தம்பி.

பம்பலப்பிட்டி ஐயா: என்ர ஆச்சி சூப்பே தொடாமல் 92.

தம்பி: எங்கட சுறாப் புட்டு? சுறாவுக்குப் புற்றுநோயே வராதாமே!

வரும். சுறாவில கட்டிகள் கண்டு எழுதியே வைச்சிருக்கினம். புட்டைப் புட்டாச் சாப்பிடுங்கோ. ஆச்சி, அம்மம்மா சண்டையை வெளியில வையுங்கோ.

வத்தளை: என்ர மூட்டுக் குளிசையில கோழிக் கொலாஜன், அதுதான் கசியிழையப் புரதம், 40 மில்லிகிராம்தான் இருக்கு. ஏமாத்தா?

இல்லை. அது பதப்படுத்தாத இரண்டாம் வகை, அளவே அவ்வளவுதான். தூளாக் கரைச்சுக் குடிக்கிறது வேற, அது 10 கிராம் வரை போகும். இரண்டையும் ஒப்பிடாதேங்கோ.

கல்கிசை: குளுக்கோசமின் எவ்வளவு?

ஆய்வுகளில நாளுக்கு 1500 மில்லிகிராம். வோபரின் எடுத்தால் பூச்சியம்.

கிருலப்பனை: தேய்ஞ்ச முழங்கால் திரும்ப வளருமா?

மேல முதல் பதிலை வாசியுங்கோ. வோபரின் எடுக்கிறீங்களோ?

கிருலப்பனை: ஓம்.

மூட்டுக் குளிசைப் போத்தலை மூடி வையுங்கோ. நாளைக்கே கிளினிக்குக்குக் கையோட கொண்டு போங்கோ.