28-க்கு 90 எதற்குத் துணை? ரேஞ்ச்ஃபைண்டர் கட்டக் கோடுகள்: கேள்வி பதில்

லைக்கா எம் வகை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் எந்த லென்ஸுக்கு எந்தக் கட்டம் என்று வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். கட்டம் என்பது படத்தில் எதுவரை விழும் என்று வியூஃபைண்டருக்குள் காட்டும் கோடுகள்; 28, 50, 90 என்பவை லென்ஸின் குவியத்தூரம், மி.மீ.-இல். எதை வாங்கலாம், என்ன விலை என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

எம்6-இல் 50 மாட்டினால் இரண்டு கட்டங்கள் தெரிகின்றன. பழுதா சார்?

பழுதில்லை. எம்6-இல் ஆறு கட்டங்கள் மூன்று ஜோடிகளாக இருக்கின்றன: 28-90, 35-135, 50-75. 50-க்கு உள்ளே மூலைகளில் துண்டு துண்டாகத் தெரிவது 75. கண்டுகொள்ளாதீர்கள், ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

ஆரம்பத்தில் இந்த நெரிசல் கிடையாது. 1954-இல் வந்த எம்3-இல் 50, 90, 135 மட்டும்தான். எம்2-இல் 35, 50, 90, அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று. எம்4-இல் 35-உடன் 135 வந்து ஒட்டிக்கொண்டது. 1980-இல் எம்4-பி 28, 75 இரண்டையும் உள்ளே நுழைத்தபோதுதான் எல்லோருக்கும் துணை கிடைத்தது. எம்2-இன் வியூஃபைண்டரை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மற்றது எதுவும் பிடிக்காது. நானும் அந்தக் கட்சிதான்.

எந்த லென்ஸ் என்று கேமராவுக்கு எப்படித் தெரிகிறது? லென்ஸின் பின்னால் இருக்கும் ஆறு புள்ளிகளாலா?

இல்லை. அந்தப் புள்ளிகள் டிஜிட்டல் கேமரா உடல்கள் லென்ஸை அடையாளம் காண்பதற்கு. கட்டத்தை மாற்றுவது வெறும் இரும்பு வேலை. லென்ஸைக் கழற்றிப் பின்வளையத்தைப் பாருங்கள், நான்கு காதுகள் இருக்கும். அவற்றில் ஒன்றின் நீளம் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். லென்ஸைத் திருப்பிப் பூட்டும்போது அந்தக் காது உடலுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோலைத் தள்ளும். எவ்வளவு தள்ளுகிறதோ அதற்குரிய ஜோடி தெரியும், அவ்வளவுதான். 28, 35, 50 மூன்றும் ஒரே லென்ஸில் உள்ள டிரை-எல்மார் கையில் கிடைத்தால், கண்ணை வைத்துக்கொண்டே அதன் வளையத்தைத் திருப்புங்கள், கட்டமும் கூடவே தாவும்.

உடலின் முன்பக்க லீவர் இதே வேலையை விரலால் செய்கிறது. விட்டால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஸ்க்ரூ மவுண்ட் (மரையில் திருகி மாட்டும் பழைய வகை) 35 லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினேன். 50 கட்டம் வருகிறது.

தவறு லென்ஸில் இல்லை, அடாப்டரில். ஸ்க்ரூ லென்ஸுக்குக் காது கிடையாது, காது அடாப்டரில்தான் இருக்கிறது. அந்த அடாப்டர் மூன்று வகை, மேலே சொன்ன மூன்று ஜோடிகளுக்கும் ஒவ்வொன்று. உங்களிடம் இருப்பது 50-75. 35-135 வகையைத் தேடுங்கள். தடிமன் 1 மி.மீ. இருக்க வேண்டும். மவுண்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் ஸ்க்ரூ மவுண்டுக்கு 28.8 மி.மீ., எம் மவுண்டுக்கு 27.8. அந்த இடைவெளியை நிரப்பத்தான் அடாப்டர். தடிமன் பிசகினால் ஃபோகஸ் பிசகும்.

காதை ராவ அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

40 மி.மீ. லென்ஸ் மாட்டினால் எம்6-இல் 50 கட்டம் வருகிறது. காதை ராவினால் 35 வருமாமே? எதை நம்புவது?

இது நல்ல கேள்வி. 1973-இல் வந்த லைக்கா சிஎல் கேமராவில் 40-க்கென்றே கட்டம் உண்டு. அதற்கான லென்ஸை எம் உடலில் மாட்டினால் 50 எட்டிப் பார்க்கும். ஆனால் 40-க்கு நெருங்கிய உறவு 35-தான். கணக்கைச் சொல்கிறேன்.

கட்டம் நகரும், ஆனால் வளராது. கிட்டத்தில் ஃபோகஸ் செய்தால் பாரலாக்ஸை, அதாவது வியூஃபைண்டரும் லென்ஸும் வெவ்வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் வரும் விலகலைச் சரிக்கட்டக் கட்டம் கீழே வலப்பக்கமாக இறங்கும், அளவு மட்டும் அப்படியே இருக்கும். லென்ஸோ கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீண்டு, பார்வை குறுகும். அதனால் ஏதோ ஒரு தூரத்துக்குத்தான் கட்டம் பொருந்தும். எம்6-இல் அந்தத் தூரம் 0.7 மீட்டர். படத்தில் எதுவும் வெட்டுப்படக் கூடாது என்ற ஜாக்கிரதை. தூரத்துக் காட்சியில் அதன் 35 கட்டம் கிட்டத்தட்ட ஒரு 37 மி.மீ. லென்ஸுக்கும், 50 கட்டம் 54-க்கும் சமம். இப்போது 40-ஐ வைத்துப் பாருங்கள். 35 கட்டத்தை நம்பினால் ஓரத்தில் சுமார் 8 சதவீதம் போகும். 50-ஐ நம்பினால் நீங்கள் பார்க்காத 35 சதவீதம் படத்துக்குள் வந்து உட்காரும்.

அதற்காக ராவலாமா? கூடாது. ஒரு 40-இன் காதை நானே ராவியிருக்கிறேன். பின்கண்ணாடியை டேப் போட்டு மூடினேன், ஃபோகஸ் வளையத்தின் இடுக்கை மறந்துவிட்டேன். மாவு போன்ற பித்தளைத்தூள் உள்ளே போய், திருப்பும்போதெல்லாம் மணல் மிதிபடுவதுபோல நறநற என்றது. கழற்றித் துடைத்து மாட்டிய பிறகும் பழைய வழுவழுப்பு வரவில்லை. ராவியதை ஒட்டவும் முடியாது. லீவரை விரலால் 35-க்குத் தள்ளிப் பாருங்கள், அப்புறம் ஷட்டரை அழுத்துங்கள்.

மன்னிக்கவும், ஒப்புக்கொள்ள முடியாது. 50 கட்டத்தில் எதுவும் வெட்டுப்படாது. கூடுதலாக வருவதைப் பிறகு நறுக்கிக்கொள்ளலாம். அதுதானே பாதுகாப்பு?

பாதுகாப்புதான். அப்படியானால் 28 மாட்டி 50 கட்டத்தில் பாருங்கள், இன்னும் பாதுகாப்பு. கட்டம் என்பது ஓரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து எடுக்கத்தான். பிறகு நறுக்குவதாக இருந்தால் கட்டமே எதற்கு?

எம்3-இல் 35 போட முடியுமா?

வியூஃபைண்டருக்கு முன்னால் நிற்கும் துணைக் கண்ணாடி மாட்டிய 35 லென்ஸ்கள் எம்3-க்காகவே வந்தன. அவை 50 கட்டத்தை வரவழைத்து, முன்னால் இருக்கும் கண்ணாடியால் காட்சியைச் சுருக்கி, அதையே 35 கட்டமாக்கும். 135 எஃப்/2.8 எல்மாரிட் இதற்கு நேர் எதிர்: 90 கட்டத்தை வரவழைத்து 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வியூஃபைண்டர் சற்று மங்கும்தான், ஆனால் இந்தத் தந்திரத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

மூக்குக்கண்ணாடி போடுகிறேன். 28 கட்டத்தின் ஓரம் தெரியவில்லை.

வியூஃபைண்டரின் 0.72 உருப்பெருக்கத்தில் அப்படித்தான். 0.58 உடலில் தெரியும், ஆனால் அதில் 135 கட்டம் கிடையாது. ஃபோகஸ் துல்லியமும் குறையும்: ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு சாளரங்களுக்கும் இடையிலான 69.25 மி.மீ. அடித்தளத்தை 0.72-ஆல் பெருக்கினால் சுமார் 50, 0.58-ஆல் பெருக்கினால் 40.

ஸ்க்ரூ மவுண்ட் 90-க்கு 50 கட்டம் வருகிறது.

அடாப்டர். மேலே படியுங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தது. படச்சுருள் முழுக்க வெறுமை.

லென்ஸ் மூடி. வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை.

என் 28 ஸ்க்ரூ லென்ஸுக்கு 35 கட்டம்...

அடாப்டர், அடாப்டர், அடாப்டர். அரம் வேண்டாம்.

மறுபடியும் நான்தான், 40 ஆள். 2 மீட்டருக்குப் பொருந்தும் கட்டம் உள்ள டிஜிட்டல் எம்240-இல் உங்கள் கணக்கு எடுபடாதே?

சபாஷ், இதை எதிர்பார்த்தேன். அங்கே 35 கட்டம் தூரத்தில் சுமார் 35.6, 50 கட்டம் 51. அதாவது 35-ஐ நம்பினால் 12 சதவீதம் போகும், 50-ஐ நம்பினால் 28 சதவீதம் கூடுதலாக வரும். வித்தியாசம் குறைந்தது, ஜெயித்தது 35-தான். சந்தேகமிருந்தால் 10 மீட்டர் தள்ளி நின்று ஒரு சுவரைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஓரமும் எந்தச் செங்கலில் முடிகிறது என்று எண்ணிக் குறித்துவிட்டு ஒரு படம் எடுங்கள்.

எடுத்தேன். 35 கட்டத்தில் பக்கத்துக்கு இரண்டு செங்கல் போனது, 50-இல் பக்கத்துக்கு நான்கு செங்கல் கூட வந்தது. ஆனாலும்...

'ஆனாலும்'-க்குப் பிறகு இருந்ததை நான் படிக்கவில்லை.