'வாக்கர்' என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு 'நடப்பவர்' என்றுதான் அர்த்தமா?

இல்லை. வாக்கர் என்றால் துணி மிதிப்பவர். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, இழைகளை இறுக வைக்கிற தொழிலாளிக்கு வட இங்கிலாந்தில் இருந்த பெயர் அது.

ஜானி வாக்கர் பாட்டிலில் ஒருவர் கைத்தடியோடு நடந்து போகிறாரே, அதனால்தானா என்று கேள்வியின் கீழே கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்திருக்கும். இல்லையென்றால் என்னைப் போல வேலைக்காக இங்கிலாந்து வந்து, அலுவலகத்தில் இரண்டு மூன்று வாக்கர்களைப் பார்த்துவிட்டு யோசித்திருப்பீர்கள். ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் 1820-ல் மளிகைக் கடை ஆரம்பித்தவர். நடக்கிற மனிதரை டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தது 1908-ல். பெயரை வைத்துச் செய்த விளம்பர யோசனை அது. அந்தக் குடும்பத்தில் யாரோ நிறைய நடந்தார் என்பதற்கு அது சாட்சி இல்லை.

நான் மொழியியல் படித்தவள் அல்ல. மேற்கு யார்க்‌ஷரில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் எட்டு வருடமாக இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் தூங்க முடியவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

பழைய ஆங்கிலத்தில் 'வெயால்கன்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. உருட்டு, புரட்டு என்று பொருள். துணியை அப்படிப் புரட்டி மிதிப்பவர் 'வெயால்கெரெ'. அதுதான் தேய்ந்து வாக்கர் ஆனது. 'வாக்' என்றால் நடப்பது என்ற பொருள் அதே வேரிலிருந்து பிறகுதான் வந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'வால்கன்' என்றால் துணியை மிதித்து இறுக்குவதுதான்.

ஏன் மிதிக்க வேண்டும்? தறியிலிருந்து வரும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும். ஆட்டு மயிரின் பிசுக்கு வேறு. அதை ஈரத்தில் வைத்து மிதிக்க மிதிக்க மயிரிழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கி, கெட்டியாகி, காற்றுப் புகாத கம்பளியாகிவிடும். பிசுக்கை எடுக்க ஒரு வகைக் களிமண் போடுவார்கள். நம் ஊரில் முகத்துக்குப் பூச முல்தானி மெட்டி வாங்குகிறோமே, அந்த வகை மண்தான். இன்னொன்று, புளித்த சிறுநீர். வீடு வீடாகச் சேகரித்துப் பீப்பாயில் நாள்பட வைத்திருப்பார்கள். அதில் உருவாகும் அம்மோனியாதான் சோப்பு. மிதித்து முடித்த துணியை வெளியே மரச்சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டிக் காய வைப்பார்கள்.

இதே தொழிலுக்குத் தென்கிழக்கு இங்கிலாந்திலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் 'ஃபுல்லர்' என்று பெயர். லத்தீனிலிருந்து வந்த சொல். தென்மேற்கில், டெவன், சாமர்செட் பக்கம், 'டக்கர்'. அந்தச் சொல்லின் பழைய வேருக்குத் துன்புறுத்துவது, வதைப்பது என்று பொருள். துணியை வதைக்கிறவர்! எக்ஸிடர் நகரில் 1471-ல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்னும் நிற்கிறது; நெசவாளர்களும் இந்தத் துணி மிதிப்பவர்களும் சேர்ந்த சங்கத்தின் கூடம். கார்ன்வாலில் டக்கிங்மில் என்றே ஓர் ஊர் உண்டு. வேல்ஸ் மொழியில் இந்த ஆலைக்குப் 'பாண்டி' என்று பெயர், டோனிபாண்டி என்ற ஊர்ப்பெயருக்குள் இருப்பது அதுதான். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து, நனைந்த துணியைத் தட்டித் தட்டிச் சுற்றுக்கு விட்டபடி பாடுவார்கள். அந்தப் பாட்டுகள் தனி மரபாகவே இருக்கின்றன. அங்கே கேலிக் மொழியில் 'துணி மிதிப்பவர் மகன்' என்று பொருள்பட்ட குடும்பப் பெயரைச் சிலர் ஆங்கிலத்தில் வாக்கர் என்று மாற்றிக்கொண்டார்கள்.

குடும்பப் பெயர்கள் நிலைத்த காலத்தில், அதாவது 13, 14-ஆம் நூற்றாண்டுகளில், எந்தப் பகுதியில் எந்தச் சொல் புழங்கியதோ அது அங்கே பெயராக உறைந்துவிட்டது. 1379-ல் யார்க்‌ஷரில் தயாரித்த தலைவரிப் பட்டியல்களில் ஆளின் பெயரோடு தொழிலும் எழுதியிருக்கிறது. அதற்கு ஐந்நூறு வருடம் கழித்து 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைபடம் போட்டால், யார்க்‌ஷரும் லங்காஷயரும் வாக்கர்களால் நிறைந்திருக்கும், டெவனில் டக்கர்கள், சசெக்ஸ், கென்ட், சஃபோக் பக்கம் ஃபுல்லர்கள். ரயில் வந்து, ஆலைகள் வந்து, ஜனங்கள் இடம் மாறின பிறகும் அந்த நிறம் முழுக்கக் கலையவில்லை. எனக்கு இது பெரிய ஆச்சரியம். செத்துப்போன ஒரு வட்டாரச் சொல்லின் எல்லையை உயிரோடு இருக்கிற மனிதர்களின் பெயர்கள் காட்டிக்கொண்டிருக்கின்றன.

சரி, நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன்?

என் தாத்தா ஊர் வண்ணார். விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். உவர்மண் கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவி கட்டி, விடிவதற்குள் கண்மாய்த் துறைக்குக் கொண்டுபோவார். ஊரே துணி போட்டாலும் யார் வீட்டு உருப்படி எது என்று சேராங்கொட்டைக் குறியை வைத்துப் பாட்டி பிரித்துவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு குறியும் தவறியதில்லை. கூலி, அறுப்பு முடிந்ததும் களத்தில் கொடுக்கும் தானியம், அப்புறம் சாயங்காலம் வீடு வீடாக வாங்கிவரும் ராச்சோறு. அப்பா டவுனுக்கு வந்து இஸ்திரிக் கடை போட்டார். நான் படித்தேன்.

படித்த காலம் முழுக்க, 'அப்பா என்ன பண்றார்?' என்ற கேள்விக்கு 'பிசினஸ்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். விடுதியில் ஒரு தோழி துருவித் துருவிக் கேட்டுக் கண்டுபிடித்த பிறகு, அவள் துணியை என் கட்டில் மேல் போட்டுவிட்டு எல்லாரும் சிரித்தது ஒரு சாயங்காலம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். இங்கே வந்த பிறகும், ஒரு பொங்கல் விழாவில் அறிமுகமான அக்கா இரண்டாவது கேள்வியாக 'ஊர்ல எந்தத் தெரு?' என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா?

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். குடும்பப் பெயர் வாக்கர். வாழ்நாளெல்லாம் கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர். ஒருநாள் நான் பின்பக்கம் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். போர்வையை உதறி, மடிப்பு நேராக வருகிற மாதிரி ஓரத்தை இழுத்துப் போடுவேன். அது என் அம்மாவின் கை. அதைப் பார்த்துவிட்டு, 'உனக்கு யாரோ தொழில் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்' என்றார். நான் பேச்சை மாற்றுவதற்காக, உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம், உங்கள் முன்னோர் நிறைய நடப்பார்களா என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: 'எங்கள் ஆட்கள் மூத்திரத்தில் நின்று துணி மிதித்தவர்கள்.'

அப்படியே, அந்த வார்த்தையிலேயே சொன்னார். குரலில் கூச்சமே இல்லை. தன் தாத்தா போரில் பதக்கம் வாங்கினார் என்று ஒருவர் சொல்வாரே, அந்தக் குரல். பிறகு மேலே மலைச்சரிவில் பழைய ஆலை இருந்த ஓடையைக் காட்டினார். லீட்ஸ் பக்கத்தில் டெம்பிள் நியூசமில் டெம்ப்ளர் வீரத்துறவிகளுக்குச் சொந்தமான துணி மிதிக்கும் ஆலை ஒன்று 1185-லேயே கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது, நீர்ச்சக்கரம் சுற்றி மரச் சம்மட்டிகளால் இடிக்கும், காலுக்கு வேலை போனாலும் பெயர் போகவில்லை என்றார்.

நான் கையில் கிளிப்போடு நின்றேன். அப்புறம் சொன்னேன்: என் தாத்தா துணி வெளுப்பவர், என் அப்பா இஸ்திரி போடுபவர். முப்பத்தாறு வயதில், கேட்காத ஒருவரிடம், நானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர், 'எந்த மண் போடுவார்கள்?' என்று கேட்டார். அதுதான் அவருடைய முதல் கேள்வி.

இதற்குப் பின்னூட்டத்தில் என்ன வரும் என்று தெரியும். துணி மிதிப்பதும் ஊர்த்துணி வெளுப்பதும் ஒன்றா என்பார்கள். ஒன்றில்லை. அவர்கள் புதுத் துணியை முடித்துக்கொடுத்தவர்கள், பல நகரங்களில் சங்கம் வைத்திருந்தவர்கள், மகன் வேறு வேலைக்குப் போனால் யாரும் தடுக்கவில்லை. எங்களுக்கு அப்படி இல்லை. தொழில் போன பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது இரண்டு இடத்திலும் நடந்தது, ஒட்டிய விதம்தான் வேறு. ஆனால் இரண்டும் சம்பந்தமே இல்லாதவை என்றும் சொல்லாதீர்கள். ஆங்கில பைபிளில் மாற்கு 9:3-ல் 'ஃபுல்லர்' என்று இருக்கும் இடத்தில் தமிழ் பைபிளில் 'வண்ணான்' என்று இருக்கிறது. பூமியில் எந்த வண்ணானும் வெளுக்க முடியாத வெண்மை என்று வரும் வசனம். அதை மொழிபெயர்த்தவர்களுக்குத் தோன்றியது எனக்கும் தோன்றக் கூடாதா?

இன்னொன்றும் வரும்: காட்டைச் சுற்றி வந்து காவல் காத்தவர்களுக்கும் வாக்கர் என்று பெயர் இருந்ததே என்று. இருந்தது. நியூகாசில் பக்கத்தில் வாக்கர் என்று ஓர் இடமும் உண்டு, ரோமானியச் சுவரை ஒட்டிய சதுப்பு என்று பொருள். ஒரு சில குடும்பங்களுக்குப் பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம். பெரும்பான்மை துணிதான்.

இன்று இங்கிலாந்தின் முதல் இருபது குடும்பப் பெயர்களுக்குள் வாக்கர் வருகிறது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் போயாயிற்று. அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கர்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கருப்பினத்தவர். அடிமை முறையின் வழியாக அந்தக் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்த ஆங்கிலப் பெயர்களில் இதுவும் ஒன்று. அவர்களில் எனக்குப் பிடித்தவர் மேடம் சி. ஜே. வாக்கர். லூசியானாவில் 1867-ல் பிறந்தபோது அவர் பெயர் சாரா பிரீட்லவ். அடிமைகளாக இருந்து விடுதலையான பெற்றோர். செயின்ட் லூயிஸ் நகரில் பல வருடம் துணி துவைத்துப் பிழைத்தார். பிறகு கூந்தல் தைலம், களிம்பு என்று சொந்தத் தொழில் தொடங்கிப் பெரும் பணக்காரர் ஆனார். வாக்கர் என்பது கல்யாணத்தில் கணவர் வழியாக வந்த பெயர். 1912-ல் கருப்பின வணிகர்கள் கூடிய சபையில் அவர் எழுந்து, தான் தெற்கின் பருத்திக் காட்டிலிருந்து வந்தவள் என்றும், அங்கிருந்து சலவைத் தொட்டிக்கு உயர்ந்தேன் என்றும் எல்லார் முன்னாலும் சொன்னார். துணி துவைத்த கைக்குத் துணி மிதித்தவன் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

குடும்பப் பெயர் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முதலெழுத்துதான். இங்கே எந்தப் படிவமும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட விடாது. ஓர் அலுவலகத்தில் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டார்கள். இன்னொன்றில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கினார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்று டிக்கெட்டை மாற்றப் பணம் கட்டியது நான். இப்போது மருத்துவமனையில் கூப்பிடும்போது, இறந்துபோன என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி அவரைத் தேடுகிறேன்.

அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் செய்து வாக்கர் கதை முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டாள்:

"கம்பளிய வெந்நீருல போட்டு மிதிச்சா சுருங்கிப் போயிருமேடி?"

"சுருங்கணும்னுதாம்மா மிதிச்சாங்க."

"அப்படிச் சொல்லு. அப்ப தொழில் தெரிஞ்சவங்கதான். சரி, அந்தப் பெரியவரு துணியெல்லாம் யாரு துவைக்கிறா?"