ஐஸ் ஹாக்கியில் ஓர் ஆட்டக்காரர் ‘பொது மேலாளர்’ ஆகிறார் என்றால் என்ன பொருள்?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், ஓர் அணிக்கு யாரை எடுப்பது, யாரை விடுவிப்பது, யாருக்கு எவ்வளவு ஊதியம் தருவது என்று முடிவு செய்பவரே பொது மேலாளர். அணியின் மொத்த ஊதியத்துக்கு 2005 முதல் உச்சவரம்பு இருப்பதால், குறிப்பிட்ட வருமானத்துக்குள் குடும்பம் நடத்துபவரைப் போல, ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவரை இழக்க நேரிடும். ஆகவே, வளரக்கூடிய இளைஞரை முன்கூட்டியே இனங்காண வேண்டும். ஆடிப் பழகிய கண் அதற்குப் பெரிதும் உதவும்.

ஸ்டீவ் ஐசர்மேன் 1986 முதல் 2006 வரை டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணித் தலைவராக இருந்து, லீக்கின் வாகையர் பட்டமான ஸ்டான்லி கோப்பையை மூன்று முறை வென்றவர். 2010இல் டாம்பா பே லைட்னிங் அணியின் பொது மேலாளரானார். அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் அவர் 2011இல் 58ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்த நிகிதா குச்செரோவ், அதாவது 57 பேர் எடுக்கப்படும்வரை காத்திருந்த இளைஞர், 2019இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். டாம்பா 2020, 2021 ஆண்டுகளில் கோப்பையை வென்றபோது ஐசர்மேன் டெட்ராய்ட்டுக்கே திரும்பியிருந்தார்; ஆயினும் அது பெரும்பாலும் அவர் நட்டு வளர்த்த தோட்டமே.

பொது மேலாளரும் பயிற்சியாளரும் ஒருவரே என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல; ஆட்டத்தின்போது யாரைப் பனித்தளத்தில் இறக்குவது என்பது பயிற்சியாளரின் பொறுப்பு.